ஆங்கிலத்துக்கும் உண்டு சரண்டர் வேல்யூ

எல்.ஐ.சி. பாலிசி எடுத்த யாருக்கும் சரண்டர் வேல்யூ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தவணையை முழுவதும் கட்ட முடியாமல் நடுவில் நிறுத்தினால் கையில் என்ன வரும் என்ற கணக்கு அது. இந்த வார்த்தையை எடுத்துப் பள்ளிக்கூடப் பாடத்துக்குப் பொருத்திப் பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் மைக்கேல் வெஸ்ட். 1888இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார்.

அந்தக் கால வங்காளத்தில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்த பையன்களில் பெரும்பாலோர் கடைசி வகுப்பு வரை வரவில்லை. வயல் வேலை, வறுமை, அப்பாவின் கடை என்று பாதியில் நின்றுவிட்டார்கள். ஆனால் பாடத்திட்டமோ, எல்லோரும் பி.ஏ. வரை போகப்போகிறவர்கள் என்ற நினைப்பில் எழுதப்பட்டிருந்தது. மூன்று வருஷம் படித்து நின்றவன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனான்? கொஞ்சம் இலக்கணம், பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த இரண்டு பாட்டு, அவ்வளவுதான். அவனால் ஒரு எளிய புத்தகத்தைத் தானாகப் படிக்க முடியவில்லை. கட்டிய தவணை அத்தனையும் போயிற்று. இதைத்தான் வெஸ்ட் கேட்டார்: இந்தப் படிப்புக்கு சரண்டர் வேல்யூ என்ன?

அவர் கண்ட விடை வாசிப்பு. பேச்சு பிறகு வரட்டும், முதலில் பையன் படிக்கட்டும் என்றார். வகுப்பில் இருந்த வாசகப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல் குவிந்து கிடந்தது. அதுவும் இங்கிலாந்திலேயே யாரும் பேசாத பழைய இலக்கியச் சொற்கள். ஒரு சொல் வந்தால் மறுபடி பத்துப் பாடம் தாண்டியும் தலை காட்டாது. வெஸ்ட் பழஞ்சொல்லை எடுத்துவிட்டு வழக்குச் சொல்லைப் போட்டார். புதுச் சொற்களைக் குறைத்து, இடைவெளி விட்டுப் பரப்பினார். ஒருமுறை வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி பார்த்துக்கொண்டார். வங்காளத்து இருமொழிப் படிப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1926இல் வந்தது. அதே காலகட்டத்தில் அவருடைய 'நியூ மெத்தட்' வாசகங்களை லாங்மன்ஸ் கம்பெனி வெளியிட ஆரம்பித்தது. ராபின்சன் குருசோவை எண்ணி எடுத்த சொற்களுக்குள் திருப்பிச் சொன்னதும் அந்த வரிசையில்தான். நாம் நான்-டீடெய்ல் என்று தலையணைக்கடியில் வைத்துப் படித்தோமே, அந்த வகைப் புத்தகங்களுக்கு அவர் ஒரு முக்கியமான முன்னோடி.

1935இல் ஒரு அகராதியும் கொண்டுவந்தார். 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் எழுதியிருந்தார். அகராதியைப் பிரித்தவன் அதில் வரும் சொல்லுக்குப் பொருள் தேடி இன்னொரு அகராதிக்கு ஓட வேண்டாம். பேரப்பிள்ளைகளின் அலமாரியில் இருக்கும் மாணவர் அகராதியைப் பிரித்துப் பாருங்கள், அதே முறை. 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் சொல்லை மட்டும் எண்ணவில்லை. ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு வழங்குகிறது என்றும் சதவீதம் கொடுத்திருந்தார். கெட், டேக், புட் போன்ற சொற்களைப் பாடம் நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்று நாலு எழுத்துதான், ஆனால் முப்பது அர்த்தம். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் இத்தனையும் கையால் எண்ணிய கணக்கு.

சரி, நம் ஊரில் என்ன நடந்தது? வெஸ்ட் சொன்னதற்கு நேர் எதிரான வழிதான் இங்கே வந்தது. ஹெரால்டு பாமர் என்று இன்னொரு இங்கிலாந்துக்காரர், 1922இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலப் போதனையை ஆராய்ந்தவர். அவர் காதும் வாயும் முதலில் என்றவர். வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி வாய்மொழிப் பயிற்சி கொடுக்கும் முறை அந்த வழியில் வளர்ந்தது. சென்னை மாகாணம் 1950களில் அதை எடுத்துக்கொண்டது. 'திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்' என்று நாம் கோரஸாகக் கத்தியது இதன்படிதான்.

இதைச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்கள் வேண்டுமே. 1950களின் இறுதியில் ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். ஆரம்பநிலை ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. பிரிட்டிஷ் கவுன்சில் துணைக்கு வந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டங்களுக்குப் போய் வேறு சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு. இதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர் வைத்தார்கள். பனியையே பார்த்திராத ஊரில் பனியுருண்டை! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்ததா என்று தெரியவில்லை. பனியுருண்டை உருள உருளப் பெருக்கும். இது நம் வெயிலில் உருளும்போது கொஞ்சம் கரையவும் செய்தது என்பது என் அபிப்பிராயம். முதல் கையில் இருந்த காரணகாரியம் நாலாவது கைக்கு வரும்போது வெறும் சடங்காகிவிட்டது. பேனாவைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது தெரிந்தது, எதற்காகக் காட்டுகிறோம் என்பது போய்விட்டது.

நான் வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு பையன் பிறகு லாரியில் கிளீனராகி, டிரைவருமானான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "சார், நாக்பூர் வரைக்கும் போர்டு படிச்சிடுறேன் சார், அது போதும்" என்றான். அவனுக்குக் கிடைத்த சரண்டர் வேல்யூ அது. குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்க வேண்டும்.

கதை எழுதும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கீழ்க்கண்ட குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்று கேள்வித்தாளில் வரும். 'ஒரு காகம் – தாகம் – பானை – அடியில் தண்ணீர்' என்று கோடு கோடாகப் போட்டிருப்பார்கள். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலும் இதற்கு ஒரு அத்தியாயமே உண்டு. அந்த ரென் யார் தெரியுமோ? 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதி உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பி.சி. ரென்னேதான். பாலைவனப் படைவீரர் கதை, சினிமாவாகவும் வந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். அப்படிப்பட்ட கதைசொல்லியின் பெயரைத் தாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் செய்ததெல்லாம் கோடிட்ட இடத்தில் 'தேர் வாஸ் எ' சேர்த்தது. காகம் தண்ணீர் குடித்த பிறகு என்ன செய்தது என்று எழுதிய பையனுக்கு மார்க் குறைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மேடைப் பேச்சுக்கு வருவோம். இதில் நம் பக்கத்தில் ஒரு மலையே இருந்தது, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, மாயவரத்திலும் சேலத்திலும் வாத்தியார் வேலை பார்த்து, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார். 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் ஏஜெண்டாகப் போனார். டர்பனில் அவர் பெயரில் கல்லூரி எழுந்தது. 'வெள்ளி நாக்கு' என்று ஆங்கிலேயரே புகழ்ந்தார்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சாஸ்திரியார் படித்த காலத்தில் சொல் பட்டியலும் இல்லை, வாக்கிய வாய்ப்பாடும் இல்லை. இதைக் காட்டி 'பழைய முறையே சிறந்தது' என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஒரு சாஸ்திரியார் உருவான வகுப்பில் கூட இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள்? வெஸ்ட் கேட்டது அவர்களைப் பற்றித்தான். பின்னாளில் எலொக்யூஷன் போட்டி என்று மார்க் ஆண்டனியின் பேச்சை ஒப்பிக்க வைத்தோமே, அதிலும் ஜெயித்தது வீட்டில் ஆங்கிலம் கேட்ட பிள்ளைதான்.

வாய்ப்பாட்டு முறை சலித்தபோது அதை மாற்றிப் பார்த்தவரும் தென்னிந்தியரே. என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பக்கம் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வாக்கிய அமைப்புகளின் அட்டவணை கிடையாது, கோரஸ் கிடையாது. ரயில் நேர அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்துக் கணக்கு மாதிரி கேள்வி. எந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? முதலில் வாத்தியாரோடு சேர்ந்து ஒன்று, பிறகு பையன் தானாக ஒன்று. விடையைத் தேடும் மும்முரத்தில் மொழி தானே வரும் என்பது அவர் எண்ணம். 1987இல் இதைப் புத்தகமாக எழுதினார். வெளிநாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளில் இன்றும் அதை வைத்து விவாதிக்கிறார்கள்.

அந்த வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்குக் குறையாமல் இருக்கும். கடலூர்ப் பக்கத்து நண்பர்கள் யாருக்காவது அவர்களில் ஒருவரைத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த ரயில் கணக்கு அவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க ஆசை.