பெருந்தொற்றும் இந்தியச் சட்டக்கல்வியின் ஒழுங்குமுறையும்

இந்தியாவில் சட்டக்கல்விக்கு எஜமானர்கள் பலர். கல்வித் தரத்தை வகுக்கும் பொறுப்பை 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இந்திய பார் கவுன்சிலிடம் தந்திருக்கிறது. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். அதற்கு மேலே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி). இந்த அடுக்குகளுக்குள் யார் சொல்வது செல்லும் என்று சாதாரண மாணவர் கவலைப்பட்டதில்லை. 2020 மார்ச் கொரோனா ஊரடங்கு அவரைக் கவலைப்பட வைத்தது.

பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் வகுப்பறையை மையமாகக் கொண்டவை. 70 சதவீத வருகைப்பதிவு வேண்டும், எல்.எல்.பி. படிப்பைத் தபால்வழியில் முடிக்க முடியாது. அப்படிப்பட்ட படிப்பு ஒரே மாதத்தில் கைப்பேசித் திரைக்குப் போனது. 2020 ஜூனில் பார் கவுன்சில் பாதி இறங்கிவந்தது: இறுதியாண்டினர் இணையவழியில் எழுதலாம், மற்றவர்களுக்கு இப்போதைக்கு அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி, கல்லூரி திறந்ததும் தேர்வு. அதாவது ‘ஆல் பாஸ்’ கிடையாது, ஒத்திவைப்பு மட்டுமே. கர்நாடகத்தில் இது வழக்கானது. இடைநிலைப் பருவத் தேர்வுகளைக் கட்டாயமாக்கிய சுற்றறிக்கைகளை 2021 பிப்ரவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

பெரிய மோதல் நுழைவுத்தேர்வில் வெடித்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் கிளாட் தேர்வு 2020 மே மாதத்தில் நடந்திருக்க வேண்டியது. தள்ளித்தள்ளி செப்டம்பர் 28-க்குப் போனது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி ஆண்டுக்கு மூன்று பருவங்கள் நடத்துவது. இனியும் காத்திருந்தால் ஓராண்டே வீணாகும் என்று சொல்லி, கிளாட்டிலிருந்து விலகி, என்லாட் என்ற தனித்தேர்வை அறிவித்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா கண்காணிக்கும். 45 நிமிடத்தில் 40 கேள்விகள். அறிவிப்பு வந்தது செப்டம்பர் 3, தேர்வு நடந்தது செப்டம்பர் 12. நல்ல இணைய இணைப்பும் கணினியும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒன்பது நாள் எதற்குப் போதும்? எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அப்பள்ளியின் முன்னாள் துணைவேந்தரும் ஒருவர்.

செப்டம்பர் 21-இல் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு என்லாட்டை ரத்து செய்தது. கூட்டமைப்பின் உறுப்பினர் அதன் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட்டவர். கல்விக்குழுவின் பரிந்துரையும் பெறப்படவில்லை. வீட்டுத் தேர்வில் வெளிப்படைத்தன்மைக்கு உறுதியில்லை. நெருக்கடியைக் காரணம் காட்டி நடைமுறையைத் தாண்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். கிளாட் ஒரே வாரத்தில் தேர்வு மையங்களிலேயே நடந்தது.

தொற்று தணிந்தபின் ஒழுங்குமுறை தளரவில்லை, இறுகியது. கைரேகை வருகைப்பதிவும் சிசிடிவி கேமராவும் வேண்டுமென்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அனுமதியற்ற இணையவழி எல்.எல்.எம். படிப்புகளை 2025-இல் கண்டித்தது. திரையில் படித்த தலைமுறைக்கு இது விசித்திரமாகவே பட்டிருக்கும்.

இறுக்கத்துக்கு எதிர்க்காற்று டெல்லியிலிருந்து வந்தது. வருகை குறைந்ததற்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாதென்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கின் தோற்றுவாய் தொற்றல்ல, வருகைக் குறைவால் தேர்வெழுத விடப்படாத ஒரு மாணவரின் 2016-ஆம் ஆண்டு மரணம். மாதிரி நீதிமன்றப் போட்டி, பயிற்சிப் பணி போன்றவற்றுக்கும் மதிப்பளிக்கும் வகையில் வருகை விதிகளை மறுபரிசீலனை செய்யும் பொறுப்பை அந்நீதிமன்றம் பார் கவுன்சிலிடம் ஒப்படைத்தது.