உயர்வெளிப் பலூன் சுமைகளின் அலகுமுறைக் கட்டுப்பாட்டுத் தொகுதி

உயர்வெளிப் பலூன் சுமைகளின் அலகுமுறைக் கட்டுப்பாட்டுத் தொகுதி என்பது, படைமண்டலம் வரை ஏறும் பலூனில் தொங்கும் ஆய்வுக் கருவிகளை இயக்குதல், கண்காணித்தல், மீட்டல் ஆகிய பணிகளைத் தனித்தனி மின்னணு அலகுகளுக்குப் பங்கிட்டு, அவற்றைப் பொதுவான தரவுத் தடமொன்றால் இணைக்கும் அமைப்பாகும். மின்வலு வழங்கல், அமைவிடங்காணல், அளவீடுகளை வானொலி அலை வழியே தரைக்கு அனுப்பும் தொலையளவீடு, கருவி இயக்கம், பலூனிலிருந்து சுமையை விடுவிக்கும் பிரிப்பு என்பன இதன் முதன்மை அலகுகள்.

சூழலும் வடிவமைப்பும்

வெப்பவலயத்தில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை −80 பாகை செல்சியசை அண்மிக்கிறது. 30 கிலோமீற்றரில் வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கடுங்குளிரில் மின்கலங்கள் வலுவிழக்கும் அதேவேளை, ஐதான வளி வெப்பத்தைப் போதியளவு கடத்திச் செல்லாமையால் வானொலிப் பரப்பி அளவுமீறிச் சூடேறக்கூடும். ஆகவே ஒவ்வோர் அலகுக்கும் தனி நுண்கட்டுப்படுத்தியும், அது செயலிழந்து நின்றால் மீளத் தொடக்கும் காவல் நேரங்காட்டியும் அமைக்கப்படுகின்றன. பிரிப்பு அலகு தனக்கெனத் தனி மின்கலத்தையும் கடிகாரத்தையும் கொண்டிருக்க வேண்டும். ஏனைய அலகுகள் யாவும் செயலிழந்தாலும், மின்னால் சூடேறும் கம்பி கயிற்றை அறுக்க, சுமை பரசூட்டில் இறங்குவதை அதுவே உறுதிசெய்கிறது.

இந்திய எடுத்துக்காட்டு

2005 ஏப்ரலில் ஐதராபாத்திலுள்ள தேசிய பலூன் ஏவுதளத்திலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அனுப்பிய பலூன், 459 கிலோகிராம் எடையுள்ள சுமையைத் தூக்கிச் சென்றது. திரவ நியோனில் அமிழ்த்தப்பட்ட 16 துருவேறா உருக்குக் குழாய்கள் 20 முதல் 41 கிலோமீற்றர் வரையிலான வெவ்வேறு உயரங்களில் வளி மாதிரிகளைத் திரட்டியபின் பரசூட் மூலம் தரையிறக்கப்பட்டு மீட்கப்பட்டன. அம்மாதிரிகளில் புதிய பக்டீரியா இனங்கள் மூன்று இனங்காணப்பட்டமை, மீட்பு தவறினால் ஆய்வே இல்லையென்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

கரடியனாறு போன்ற இடங்களில்

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாறு போன்றதோர் இடத்திலிருந்து தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் விடப்படும் பலூனைக் கீழ்வளியில் வீசும், கச்சான் எனப்படும் தென்மேல் காற்று கிழக்கே கடலை நோக்கித் தள்ள, மேல்வளியிலுள்ள கீழைக்காற்று மீண்டும் மேற்கே கொண்டுவரும். எனவே, சுமை கடலில் விழாதிருக்க, பிரிப்பு வேளையை நேரத்தால் மாத்திரம் வரையறுக்காது, அமைவிட அலகு தரும் தரவையும் அன்றைய காற்றோட்டத்தையும் கொண்டு தீர்மானிப்பதே பொருத்தமாகும். பருவம் மாறும்போது இந்தத் தீர்மான விதிகளை மட்டும் திருத்தி, ஏனைய அலகுகளை மாற்றமின்றி மீண்டும் பயன்படுத்த முடிவதே அலகுமுறையின் பெரும்பயனாகும்.