வத்தாளைக் கொடியும் மூன்று பஞ்சங்களும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலயைக் கடந்து மேலேறினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் மடுல்கெல்ல வந்துவிடும். 1974 ஆம் ஆண்டில் இளம் நிருபராக முதன்முதலில் அங்கு சென்றேன். தோட்டப்புறங்களில் பட்டினியால் மரணங்கள் நிகழ்வதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. நான் எழுதி அனுப்பிய செய்தியில் மரணங்களும் கூப்பன்களும் பாண் வரிசைகளும் இருந்தன. லயன் ஒன்றின் பின்புறத்தில் கண்ட கிழங்குக் கொடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சில்லறைச் சங்கதி என்று நானே விட்டுவிட்டேன். அரை நூற்றாண்டு கழிந்தபின் திரும்பிப் பார்க்கையில், அன்று எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டதே பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

வத்தாளை என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் சர்க்கரைவள்ளி என்றும் சீனிக்கிழங்கு என்றும் அறிவார்கள். மரவள்ளியோடும் உருளையோடும் சேர்த்துப் பேசப்பட்டாலும் இது வேறு குலம். வேலியோரத்தில் காலையில் விரிந்து வெயிலேற வாடும் ஊதாப் புனற்பூக் கொடிகளின் இனத்தைச் சேர்ந்தது. சிங்கள வைத்தியர் கிரிபடு என்றும் நம்மவர் பால்முதுக்கு என்றும் வழங்கும் மூலிகைக் கொடி இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் பல்லாண்டு வாழ்ந்து மண்ணுக்குள் வேரைப் பருக்கவைப்பதே. உருளைக்கிழங்கு நிலத்தடித் தண்டு. வத்தாளையோ பருத்த வேர். இயல்பில் இதுவும் பல்லாண்டுக் கொடிதான். நாம்தான் சில மாதங்களில் தோண்டி எடுத்து ஓராண்டுப் பயிராக்கிவிட்டோம்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் குழுவினர் 1492 க்குப் பின் கரீபியன் தீவுகளில் கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அத்தீவுகளின் தைனோ மக்கள் வழங்கிய ‘பத்தாத்தா’ என்ற பெயர் போர்த்துக்கேயர் வாய்வழி கீழைத் தேசங்களுக்கு வந்தது. சிங்களத்தின் ‘பத்தல’ என்ற சொல்லில் அந்த ஒலி இன்றும் கேட்கிறது. 1505 இல் வந்த போர்த்துக்கேயர் 1658 இல் இலங்கையை விட்டு நீங்கினார்கள். கிழங்கும் அதன் பெயரும் தங்கிவிட்டன.

மடுல்கெல்லச் சரிவுகளில் காடழித்துக் கோப்பி வைக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து இம்மலைகளுக்கு வந்தார்கள். 1869 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் சோற்றின் வழி மாறவில்லை. அரிசி கப்பலில் வந்தது, தோட்டத்தின் மூலம் வழங்கப்பட்டது, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. உண்பதை விளைவிக்கும் நிலம் தொழிலாளியிடம் இருக்கவில்லை. கப்பல் நின்றால் என்ன ஆகும் என்பதை 1942 காட்டியது.

அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. தோட்டங்களும் உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்று அரசு பணித்தது. தேயிலையைத் தவிர வேறொன்றும் முளைக்கலாகாது என்றிருந்த மண்ணில் கிழங்குக்கு இடம் கிடைத்தது. யுத்தம் முடிந்தது, 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது.

இரண்டாவது பஞ்சமே நான் நேரில் கண்டது. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, 1973 இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்தது. கிராமத்தவருக்குக் காணித் துண்டாவது இருந்தது. லயன்வாசிக்கு வாசற்படியோடு உலகம் முடிந்தது. 1974 இல் தோட்டப்புற மரண வீதம் கூர்மையாக உயர்ந்தது. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன.

அந்த நாட்களில்தான், கானுக்கும் தேயிலை வரிசைக்கும் இடையில் ஒரு கொழுந்து பறிக்கும் மூதாட்டி வத்தாளை நட்டிருந்ததைக் கண்டேன். எப்படி நடுவது என்று கேட்டேன். “வெதை வேணாங்க தம்பி, கொடிய நறுக்கி வச்சா போதும்” என்றார்.

அவர் செய்துகாட்டியதை இப்போதும் சொல்ல முடியும். கொடியின் நுனிப்பக்கம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக நறுக்க வேண்டும். கீழ்ப்பகுதி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி வரப்பில் சாய்த்து ஊன்ற வேண்டும். மண் இறுகியிருந்தால் வேர் பருக்காது. ஆகையால் வரப்பு உயரமாகவும் பொலபொலவென்றும் இருக்க வேண்டும். எருவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இலைதான் செழிக்கும். படரும் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். அவ்வப்போது தூக்கித் திருப்பிவிட்டால்தான் சத்து ஒரே இடத்தில் சேரும். மண் வெடித்தால் கூன்வண்டு உள்ளே புகுந்து கிழங்கைக் கசக்கச் செய்யும் என்பதால் அடிமண்ணை அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சமவெளியில் மூன்றரை, நான்கு மாதத்தில் தோண்டலாம். மலைக்குளிரில் மேலும் ஒரு மாதமாகும். அதுவரையில் இளந்தளிர் சுண்டலாகும். தோண்டிய அன்றே அதே கொடியை நறுக்கி அடுத்த வரப்பில் ஊன்றலாம். கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை.

மறுமுறை நான் போனபோது அந்த வரப்பு வெறுமையாகக் கிடந்தது. கான் கெடுகிறது என்று காரணம் சொல்லித் துரை பிடுங்கச் சொல்லியிருந்தார். எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பது இங்கு வேண்டாம். அது ஒருவரின் குணக்கேடு மட்டுமன்று. கிழவி அழுதுகொண்டிருப்பார் என்று எண்ணிப் போனேன். அவர் வாசற்படிக்கு அடியிலிருந்து ஓர் ஈரச் சாக்கை இழுத்துக் காட்டினார். உள்ளே பிடுங்கப்பட்ட கொடிகள் கணுக்களில் வெள்ளை வேர் விட்டிருந்தன. இன்னோரிடம் பார்த்து வைப்பேன் என்றார். முற்றாத கிழங்குகள் போய்விட்டன, கொடி போகவில்லை.

இதைத்தான் நான் எழுதாமல் விட்டேன். அரசின் கஞ்சத்தனமும் உலகச் சந்தையும் வரலாறாக எனக்குத் தெரிந்தன. ஈரச் சாக்கு தெரியவில்லை.

மூன்றாவது பஞ்சம் அண்மையது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் டொலர் தீர்ந்து நாடே முடங்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அவ்வாண்டின் இறுதியில் மடுல்கெல்லப் பக்கம் மீண்டும் போனேன். மூதாட்டி இல்லை, அந்த லயன் கூரைத்தகடு மாற்றப்பட்டு நின்றது. அதன் பின்புறத்தில் வத்தாளை படர்ந்திருந்தது. உரமின்றியும் விளையும் பயிர்களுள் ஒன்று என்பதால் எல்லோரும் நட்டிருந்தார்கள். அவர் வைத்த கொடியின் வழிவந்ததா என்று கேட்டுப் பயனில்லை. ஆனால் தண்டிலிருந்து தண்டாகப் பெருகும் இப்பயிரில் ஒவ்வொரு கொடியும் முந்தைய கொடியின் தொடர்ச்சியே.

இடைப்பட்ட காலத்தில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்வது அநீதி. 1964 இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. எஞ்சியோரின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. வாக்குரிமை வந்தது, பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் ஆனார்கள். ஆயினும் லயனும் அதைச் சுற்றிய மண்ணும் இன்னமும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பிடியிலேயே உள்ளன.

2015 க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்ற திட்டம் வந்தது. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக எஞ்சுவதில் நடைபாதையும் கிணறும் கழிவறையும் போனால் ஆறேழு வரப்புகள் தேறும். சிரிக்கத் தக்க அளவுதான். ஆனால் அந்த ஆறேழு வரப்பையும் எந்தத் துரையும் பிடுங்கச் சொல்ல முடியாது.

மூன்று பஞ்சங்களிலும் இக்கொடி தன் கடமையைச் செய்தது. விதை கேட்கவில்லை, கடன் கேட்கவில்லை, உரம் கேட்கவில்லை. அது கேட்டது ஒன்றே: பிடுங்கப்படாத ஒரு துண்டு மண். அதைக் கொடுக்க இந்த நாட்டுக்கு ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்ற கேள்வியை 1974 இலேயே நான் எழுதியிருக்க வேண்டும். தாமதமாகவேனும் எழுதிவிட்டேன்.