நாணயம்: சாரணர் இயக்கத்தில் தொண்டும் சம்பளமும்

1

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக்கரைச் சோலையில் சாரணரைக் காண்கிறார்கள். வான்வழி இயங்க வல்லவர்கள் எனப்பட்ட சமணத் துறவிகள் இவர்கள். கூலி என்ற பேச்சுக்கே அவர்களிடம் இடமில்லை. ஆனால் அகராதியைப் புரட்டினால் சாரணர் என்பதற்கு ஒற்றர் என்றும் பொருள் இருக்கிறது. ஒற்றன் அரசனிடம் வாங்கிச் சாப்பிடுகிறவன். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஒற்றன் துறவி வேடத்தில் போகவேண்டும் என்கிறது. அவனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ‘ஸ்கவுட்’ என்ற ராணுவச் சொல் தமிழில் ‘சாரணர்’ ஆனபோது இந்த இரண்டு அர்த்தங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. காசு வாங்காத துறவியும் மறைவாகக் காசு வாங்கும் ஒற்றனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் என் பள்ளித் தமிழய்யா. அவர்தான் எங்கள் சாரண ஆசிரியர். அதை அவர் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. பணியில் சேர்ந்த வருஷம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர், “ஐயா, நீங்கதான் வயசுல சின்னவரு, சாரணத்தை நீங்களே பாத்துக்குங்க” என்றாராம். அதோடு சரி. பதினாறு வருஷம் பார்த்தார். சனிக்கிழமை காலையில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பார். கயிறு, விசில், முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு எல்லாம் அவர் கைக்காசு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது முகாமில் ஒரு பையன் பாறையில் வழுக்கி விழுந்து கை முறிந்துபோனான். ஐயாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிச் செலவும் அவருடையதே. அடுத்த வாரம் விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அலுவலக அறைச் சுவரில் தொங்கிய பழைய முகாம் போட்டோக்களில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கும் மெமோ வரவில்லை.

இதை ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இயக்கத்தின் வரலாற்றைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. யார் காசில்லாமல் உழைப்பது, யார் சம்பளம் வாங்குவது, யார் போட்டோவில் உட்காருவது என்ற பங்கீடு இந்த இயக்கத்தோடு கூடவே பிறந்தது. லண்டனில் ஒரு மாதிரி, நியூயார்க்கில் ஒரு மாதிரி, சென்னையில் ஒரு மாதிரி. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

1907 ஆகஸ்டில் பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களோடு பிரவுன்சீ தீவில் முகாமிட்டார். 1908இல் ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வெளிவந்தது. அதைப் படித்த பையன்கள் தாங்களாகவே அணிகள் அமைத்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர்களைத் தேடிப்போய் ‘எங்களுக்கு மாஸ்டராக இருங்கள்’ என்று கேட்டார்கள். ஆக, தொண்டர் என்ற பாத்திரம் பையன்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். காசோ முதலிலிருந்தே இருந்தது. புத்தகத்தை வெளியிட்டவர் ஆர்தர் பியர்சன் என்ற பத்திரிகை முதலாளி. அதே ஆண்டு ஏப்ரலில் ‘தி ஸ்கவுட்’ வாரப் பத்திரிகையையும் அவர் தொடங்கினார். ‘தன்னார்வம்’ என்று நாம் கொண்டாடும் இந்த இயக்கத்தின் தொட்டில் ஒரு வியாபாரப் பதிப்பகம்.

பிரிட்டிஷ் அமைப்பின் கமிஷனர் பதவிகளில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் பிரபுக் குடும்பத்தாரும் நிறைந்திருந்தார்கள். ஓய்வூதியமோ நிலவருமானமோ உள்ளவனுக்குச் சம்பளமில்லாத பதவி ஓர் அந்தஸ்து. பகலெல்லாம் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு மாலையில் பையன்களை மேய்க்கிற ஸ்கவுட் மாஸ்டருக்கோ அதே ‘சம்பளமின்மை’ தூக்கத்தையும் குடும்பத்தையும் விலை கேட்கிற விஷயம். ஒரே சொல்தான், இரண்டு வர்க்கங்களில் இரண்டு அர்த்தம். தொண்டு பற்றிய சொல்லாடல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

இதை ஈடுகட்ட இயக்கம் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. 1919 செப்டம்பரில் லண்டனை ஒட்டிய கில்வெல் பூங்காவில் ஸ்கவுட் மாஸ்டர்களுக்கான முதல் பயிற்சி முகாம் நடந்தது. தேறியவர்களுக்கு மரமணிகள் தரப்பட்டன. அந்த மணிகள் 1888இல் சூலு நாட்டில் தமக்குக் கிடைத்ததாகப் பேடன் பவல் சொன்ன, மன்னர் தினுசுலுவின் மாலையிலிருந்து எடுக்கப்பட்டவை. தோற்கடிக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்க அரசனின் கழுத்தணி, காசு வாங்காமல் உழைக்கும் ஆங்கிலேயக் குமாஸ்தாவின் கழுத்துக்கு மரியாதையாக வந்து சேர்கிறது. மார்செல் மாஸ் 1925இல் எழுதிய பரிசு பற்றிய கட்டுரையின்படி பரிசு எதுவும் இலவசமில்லை. வாங்கியவனை அது கட்டிப்போடும். சம்பளத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாம். மணியை அப்படிக் கழற்றிவிட முடியுமா?

இந்தியாவில் அந்த மணிக்கு ‘ஹிமாலயா உட் பேட்ஜ்’ என்று பெயர். அதற்கான தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் இருக்கிறது. எங்கள் தமிழய்யாவுக்குக் கடைசிவரை பச்மரி போகும் ஆசை இருந்தது. ஓ.டி. கிடைக்கவில்லை.

3

சரி, சம்பளம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அதைச் செய்து பார்த்தது அமெரிக்கா.

1910இல் அமெரிக்க அமைப்பு பதிவானபோது அதன் தலைமைச் சாரணராக இருந்தவர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன். இயற்கையியலாளர், விலங்குக் கதைகள் எழுதியவர், செவ்விந்தியர் வாழ்வைக் கொண்டாடியவர். சம்பளம் வாங்கும் நிர்வாகியாக 1911இல் வந்தவர் ஜேம்ஸ் வெஸ்ட். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், காசநோயால் கால் ஊனமுற்றவர், அனாதை விடுதியில் வளர்ந்து படித்து வக்கீலானவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சீட்டன் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்ற கேள்வி கிளப்பப்பட்டு 1915இல் அவர் வெளியேறினார். வெஸ்ட் 1943 வரை இருந்தார்.

கலைஞனை குமாஸ்தா துரத்திய கதையாக இதைச் சொல்வது எளிது. நான் அப்படிப் படிக்க மாட்டேன். சீட்டனுக்குப் புத்தகங்களும் சொற்பொழிவுகளும் சோறு போட்டன. சொத்தோ குடும்பமோ இல்லாத வெஸ்டுக்குச் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்திருக்கவே முடியாது. சம்பளம் என்ற ஒன்று இருந்ததால்தான் ஓர் அனாதைச் சிறுவன் அந்த நாற்காலி வரை வர முடிந்தது. ‘தூய தொண்டு’ என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஆனால் சம்பளம் தன் நோயையும் கொண்டுவந்தது. ஊர் ஊராகச் சம்பள நிர்வாகிகள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களை எதை வைத்து அளப்பது? எண்ணிக்கையை வைத்துத்தான். 1976ஐக் குறிவைத்து ‘பாய்பவர் 76’ என்ற பெயரில் ஓர் உறுப்பினர் சேர்ப்புத் திட்டம் வந்தது. 1974இல் சிகாகோவில் குட்டு உடைந்தது. இலக்கை எட்டுவதற்காக இல்லாத பையன்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறியிருந்தன. நம் ஊர் வருகைப்பதிவேடு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. தொண்டனின் வியாதி களைப்பு என்றால், சம்பளக்காரனின் வியாதி இலக்கு. மேலிருந்து எண்ணைக் கேட்கிறார்கள், அவன் எண்ணைக் கொடுக்கிறான்.

இதைவிடக் கொடிய பக்கம் ஒன்று உண்டு. சாரணச் சட்டத்தின் முதல் விதியே சாரணனின் வாக்கை நம்பலாம் என்பதுதான். அந்த நம்பிக்கையை வயதுவந்த தொண்டர்களுக்கும் நீட்டினார்கள். சிறுவர்களிடம் தவறாக நடந்தவர்கள் பற்றிய ரகசியக் கோப்புகள் பல பத்தாண்டுகளாகத் தலைமையகத்தில் இருந்தன. 1965 முதல் 1985 வரையிலான சுமார் 1,200 கோப்புகள் நீதிமன்ற உத்தரவால் 2012இல் வெளியாயின. பல சம்பவங்கள் போலீசுக்குப் போகவே இல்லை என்பது அப்போது தெரிந்தது. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு கொடுத்தது. இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் 82,000ஐத் தாண்டின. 2025இல் அமைப்பு தன் பெயரையே மாற்றிக்கொண்டது. தொண்டர் கெட்டவர், ஊழியர் நல்லவர் என்று இங்கு பிரிக்க வழியில்லை. தவறு செய்தவர்களில் பலர் தொண்டர்கள், கோப்பைப் பூட்டி வைத்தவர்கள் சம்பளக்காரர்கள். இருவரையும் சேர்த்துவைத்தது இயக்கத்தின் ‘கௌரவம்’. காசில்லாமல் வருகிறவனிடம் கேள்வி கேட்பது அவமரியாதை என்ற எண்ணத்துக்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள்.

4

கௌரவம் என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வரலாம்.

இந்தியாவில் சாரணம் 1909இல் பெங்களூரில் தொடங்கியது, வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். இந்தியச் சிறுவனுக்கு ஒற்றறியும் வித்தையைக் கற்றுக்கொடுத்தால் நாளை அவன் யாரை ஒற்றறிவான் என்ற பயம். அந்தக் கதவுக்கு வெளியே நின்று அன்னி பெசன்ட் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். உடன் நின்றவர் ஜார்ஜ் அருண்டேல். ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917இல் இருவரும் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அரசின் பயம் புரியும். அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரின் சேவா சமிதி சாரணர் அமைப்பு தனியாக இயங்கியது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. அவர் கௌரவக் கமிஷனர் ஆக்கப்பட்டார். சேவா சமிதி இணையவில்லை. 1937இல் மீண்டும் வந்துபோன பேடன் பவல் இந்தியர்களின் குணம் பற்றிச் சொன்ன கருத்துகள் கண்டனத்தைக் கிளப்பின. 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. எல்லாம் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் ஆனது 1950 நவம்பர் 7 அன்று.

யார் கொடி, யார் பெயரால் உறுதிமொழி என்று இந்த நாற்பது ஆண்டுச் சண்டை முழுவதும் பேசப்பட்டது. பையன்களை யார் பார்த்துக்கொள்வது என்பதில் சண்டையே வரவில்லை. அதற்குப் பள்ளி ஆசிரியர் இருந்தார். இங்கிலாந்தில் தேவாலயம், மன்றம் என்று பள்ளிக்கு வெளியே பரவிய இயக்கம் இங்கே பெருமளவு பள்ளிக்குள் நிலைகொண்டது. விளைவு என்ன? ஆங்கிலேய ஸ்கவுட் மாஸ்டர் முடியாது என்று சொல்லலாம். நம் ஆசிரியரால் தலைமையாசிரியரிடம் அப்படிச் சொல்ல முடியாது. சம்பளம் ஆசிரியர் வேலைக்கு, சாரணம் அதன் மேல் வைத்த சுமை. தொண்டு என்று சொன்னால் உத்தரவு போடக் கூடாது. வேலை என்று சொன்னால் நேரம் கணக்கிட வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் அவரை நிறுத்திவிட்டு ‘சேவை மனப்பான்மை’ என்று பாராட்டுரை வாசிக்கிறோம்.

மேலே போகப்போக நிலைமை தலைகீழ். எங்கள் மாவட்டத்தில் ஆணையர் நாற்காலி கல்வி அதிகாரிக்குப் பதவிவழியாகவே வந்துவிடும். அமைப்பு ஆணையர் போன்ற முழுநேர ஊழியர்கள் பாடு வேறு. முகாம் கணக்கு, சோபான் தேர்வுத் தாள், விருதுப் பட்டியல் எல்லாம் அவர்கள் தலையில். கேள்வி கேட்பவர்களோ கௌரவப் பதவிக்காரர்கள். 2017இல் தமிழ்நாட்டுச் சாரணர் இயக்கத் தலைவர் தேர்தல் திடீரென்று பெரிய செய்தி ஆயிற்று. ஒரு தேசியக் கட்சியின் பிரமுகர் போட்டியிட்டுத் தோற்றார். கல்வித்துறையின் முன்னாள் இயக்குநர் ஒருவர் வென்றார். சம்பளமில்லாத பதவிக்கு இவ்வளவு போட்டி என்றால் அதில் வேறு ஏதோ நாணயம் புழங்குகிறது என்றுதான் அர்த்தம். நான் படித்த செய்திகள் எதிலும் சாரண ஆசிரியர் என்ற சொல் கண்ணில் படவில்லை.

5

தமிழில் ‘கௌரவ’ என்ற அடைமொழி செய்யும் வேலை விநோதமானது. கௌரவத் தலைவர் என்றால் மாலை. கௌரவ விரிவுரையாளர் என்றால் நிரந்தரமில்லாத வேலை, குறைந்த தொகை. என்னோடு எம்.ஏ. படித்த நண்பன் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். “கௌரவத்தை எடுத்துட்டு சம்பளத்தக் குடுங்கப்பா” என்பான். மேலே இருப்பவருக்குக் கௌரவம் கூடுதல் வருமானம் மாதிரி. கீழே இருப்பவருக்கு அது சம்பளப் பிடித்தம். தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் பழக்கத்துக்கு மொழியும் துணைபோகிறது.

ஐயா ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுரை எழுதப்போவதைச் சொன்னேன். “சம்பளம் கொடுத்திருந்தா இன்னும் நல்லாச் செஞ்சிருப்பீங்களாய்யா?” என்று கேட்டுவிட்டேன். சிரித்தார்.

“இல்ல தம்பி. அதே மாதிரிதான் செஞ்சிருப்பேன். பசங்களோட ராத்திரி தீமூட்டி உக்காந்து பாடினதுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்க முடியும்? ஆனா அந்தப் பையன் கை ஒடஞ்சப்ப அம்மாவோட வளையல அடகு வச்சிருக்க வேணாம்.”

உள்ளேயிருந்து அம்மா, “அதை இன்னும் மீக்கல, அதையும் எழுதச் சொல்லுங்க” என்றார்.

ஆகவே தொண்டர்களை எல்லாம் ஊழியர்களாக்கிவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வெஸ்டின் வாரிசுகள் எண்ணிக்கைக்கு அடிமையானதைப் பார்த்தோம். தீமூட்டிப் பாடிய இரவுகளை ஐயா எந்தக் கணக்கிலும் சேர்க்க விரும்பவில்லை, அது அவர் உரிமை. நான் கேட்பது அந்த இரவுகளைச் சுற்றியுள்ள செலவைப் பற்றி. முகாமுக்குப் போகும் பையனுக்கும் ஆசிரியருக்கும் காப்பீடு, பயணப்படி, சனிக்கிழமைக்கு ஈடான விடுப்பு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை, யார் வந்தாலும் விசாரித்த பிறகே பிள்ளைகளிடம் விடுவது, புகார் வந்தால் கோப்பைப் பூட்டாமல் போலீசுக்கு அனுப்புவது. இவற்றில் எதுவும் தொண்டைக் கெடுக்காது. இவை இல்லாததால்தான் ஒரு வீட்டின் வளையல் இயக்கத்தின் கணக்கில் வராத நன்கொடையாக இன்னும் அடகுக்கடையில் கிடக்கிறது.