மாத்தூர் தொட்டிப்பாலம்

குமரி மாவட்டம் திருவட்டாறு அருகே, பறளியாற்றுக்கு மேலே கால்வாய் நீரைக் கடத்தும் பாலம் இது.

ஊரார் 'மூக்கன் துரை' என்றழைத்த பொறியாளர் மின்சின் பொறுப்பில், திருவிதாங்கூர் அரசு 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டிமுடித்தது. நாஞ்சில் நாட்டு வயல்கள் செழித்தன. விளவங்கோடு, கல்குளம் பகுதி மேட்டுநிலங்களில் வறட்சி நீடித்தது. 1956-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின், காமராசர் முயற்சியால் அங்கும் நீர் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டது. கோதையாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த பட்டணங்கால் கால்வாய்க்கு மாத்தூரில் இரு குன்றுகளுக்கு நடுவே பெரும்பள்ளம் குறுக்கிட்டது.

கால்வாய் நீர் சரிவில் தானாகவே ஓடவேண்டும். திறந்த கால்வாயைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் அக்கரை மேட்டுக்கு நீர் ஏறாது. குழாயில் இறக்கி ஏற்றலாம்தான். ஆனால் 115 அடி ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. அடியில் மணலும் சேறும் வேறு தங்கும், வாருவது யார்?

தொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் சிக்கல் எடை. 7 அடி உயரம், ஏழரை அடி அகலமுள்ள தொட்டி நிரம்பினால் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் நீர்! அதோடு கான்கிரீட்டின் எடையையும் 28 தூண்கள் தாங்குகின்றன. பாலத்தைக் காண வருவோர் பெரும்பாலும் உயரத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு இந்தச் சுமைதான்.

1966-இல் பணி முடிந்து, மேட்டுநிலங்களுக்கு நீர் போனது.