சாகாத செல்லிடம் சாவைப் பற்றிக் கேட்பது

1970. நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நியூரோபிளாஸ்டோமா, அதாவது நரம்புத் திசுவில் எழும் குழந்தைப் பருவப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை வரை பரவிவிட்டது. அங்கிருந்து எடுத்த துணுக்கை நியூயார்க் ஸ்லோன்-கெட்டரிங்கில் ஜூன் பீட்லர் குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். எஸ்கே-என்-எஸ்எச் என்று பெயரிட்டார்கள். அதில் நரம்புச் செல்லின் சாயலில் சிறுத்தவையும் தட்டையாக ஒட்டிக் கிடந்தவையும் கலந்திருந்தன. மூன்று முறை குளோன் செய்து பிரித்ததில் பெயருக்கு வால் முளைத்துக்கொண்டே போய், எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் ஆனது. 1978இல் அது ஆய்விதழில் ஏறியது.

பார்க்கின்சன் ஆய்வாளர்களுக்கு இது வரப்பிரசாதம். டோபமைன் சுரக்கும் நடுமூளைச் செல்கள் சாவதுதான் நோய். ஆனால் உயிரோடிருப்பவரின் நடுமூளையை யார் கிள்ளியெடுப்பது? இந்தச் செல்லிலோ டோபமைன் தயாரிக்கும் நொதி இருக்கிறது. 37 டிகிரியில் வைத்து வளர்ப்பு ஊடகம் ஊற்றினால் பெருகுகிறது. சில ஒட்டிக்கொள்ளும், சில மிதக்கும். மிதப்பதெல்லாம் செத்தது என்று உறிஞ்சிக் கொட்டுவது புதியவர்கள் வழக்கம். அதோடு உயிருள்ளவையும் போய்விடும்.

2004இல் பார்க்கின்சன் பரம்பரையாக வந்த இத்தாலி, ஸ்பெயின் குடும்பங்களில் பிங்க்1 மரபணுவின் பிறழ்வு சிக்கியது. அந்த மரபணுவின் புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா நல்ல நிலையில் இருந்தால், அதற்குள் நுழைந்ததும் வெட்டுப்பட்டு அழிந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதாகி அதன் மின்னழுத்தம் இறங்கிவிட்டாலோ, வெளிச்சவ்விலேயே குவிந்து பார்க்கின் என்ற புரதத்தை வரவழைக்கும். பழுதானதைச் செல்லே செரித்துவிடும். இதைச் சோதிக்க எஸ்எச்-எஸ்ஒய்5ஒய்யில் பிங்க்1ஐ அடக்கிவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் ரோடினோன் போன்ற விஷத்தைக் கொடுத்து எவ்வளவு செல் தப்புகிறது என்று பார்க்கிறார்கள்.

எனக்கு இங்கேதான் உறுத்தல். நடுமூளை நியூரான் பெருகுவதில்லை. எஸ்எச்-எஸ்ஒய்5ஒய்யோ பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுச்செல். மைட்டோகாண்ட்ரியா படுத்தாலும் குளுக்கோஸைச் சிதைத்தே காலம் தள்ளிவிடும். அதனால் விவரமானவர்கள் ஊடகத்தில் குளுக்கோஸை எடுத்துவிட்டு கேலக்டோஸ் போடுகிறார்கள். அப்போது மைட்டோகாண்ட்ரியாவை நம்பியாக வேண்டும். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் பெருக்கம் தணிந்து நீள இழைகளும் விடும். இரண்டையும் செய்யாமல் வரும் முடிவை நான் அரை நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

2007இல் மனிதத் தோல் செல்லைக் குருத்துச் செல்லாக மாற்ற வழி பிறந்தது. நோயாளியின் சொந்த மரபணுவோடே நியூரான் செய்யலாம், ஆனால் முதிர வாரக்கணக்காகும், செலவும் கூட. ஆகவே பல ஆய்வகங்களில் முதல் சோதனை இன்றும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய்யில்தான். அதில் தேறியதே அடுத்த கட்டத்துக்குப் போகிறது.