முன்பல் சந்தும் தங்கவயல் முகங்களும்

அழகு முகத்தில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா என்பது பழைய கேள்வி. மேல்வாயின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சிலருக்கு அமையும் சந்தை வைத்து அதற்கு விடை தேடலாம் என்பது என் எண்ணம்.

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்தவன் நான். எங்கள் குழாயடியில் இதுபற்றி இரண்டு தீர்ப்புகள் உண்டு. "பல்லுல சந்து இருந்தா அதிர்ஷ்டம், போற வீடு செழிக்கும்" என்பார் ஒருவர். "காசு தங்காது, சந்து வழியா ஓடிப்பூடும்" என்பார் அடுத்தவர். பெண் பார்க்க வருகிறவர் எந்தக் கட்சியோ, அதைப் பொறுத்தது பெண்ணின் அழகு! இரு கட்சியாரும் சாட்சிக்கு இழுப்பது சாமுத்திரிகா லட்சணத்தைத்தான்.

ஆனால் பழைய நூல்களைப் புரட்டினால் முதல் கட்சிக்கு ஆதரவு கிடைப்பது அரிது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நெருக்கமான, சமமான, பளபளப்பான பற்களையே நற்குறி என்கிறார். நம் புலவர்கள் முல்லை அரும்பையும், மயிலிறகின் வெண்மையான அடிப்பகுதியாகிய முருந்தையும் பல்லுக்கு உவமை ஆக்கினர். திருக்குறள் (1113) முறுவலை முத்து என்கிறது. கோத்த முத்துக்களின் நடுவே இடைவெளி ஏது? ஆக, அதிர்ஷ்டம் என்ற சொல் ஏட்டில் பிறந்ததன்று. சனங்களின் வாயில் பிறந்தது என்றே கருதுகிறேன். ஏடு குறை என்றதை ஊர் வாய் நிறை ஆக்கியது.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதுமன்று. நைஜீரியாவின் யொரூபா மக்கள் இச்சந்தை அழகாகவே போற்றுவர். இல்லாதவர் செயற்கையாக உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. பிரெஞ்சுக்காரர் இதனை 'அதிர்ஷ்டப் பற்கள்' என்பர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர், ஊர் ஊராய்ப் புனித யாத்திரை போன தம் பாத்நகரப் பெண்மணிக்குச் சந்துப் பல்லையே கொடுத்தார். சந்துப் பல்லருக்குத் தூரப் பயணம் வாய்க்கும் என்ற நம்பிக்கை ஆங்கில நாட்டில் உண்டு.

தூரப் பயணம் என்றால் தங்கவயலே அதில் உருவான ஊர்தானே! 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை ஏற்றபின், கார்ன்வாலிலிருந்து வெள்ளையர் வந்தனர். வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து நம்மவர் வந்தனர். ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியேறியது. எடுத்துக் கொடுத்தவர் வீட்டில் அது தங்கவில்லை. அதற்குப் பல் சந்தா காரணம்? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமும் மூடப்பட்டது.

அதன்பின் எங்கள் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் வரிசைப் பற்கள் அங்கே புதிய அளவுகோல். "இன்டர்வியூவுக்கு முன்னாடி பல்லுக்குக் கம்பி போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள்.

மருத்துவம் சொல்வது எளிது. தாடை அகன்று பல் சிறிதானாலோ, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் தசைமடிப்பு தடித்திருந்தாலோ சந்து விழும். சிறுவர்க்குக் கோரைப்பல் முளைக்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பெரியவர்க்கு ஈறு நோயால் புதிதாகச் சந்து விழுந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறவியில் அமைந்ததோ நோயன்று. கம்பி போடுவது அவரவர் விருப்பம். கடன் வாங்கியாவது போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நூலுக்கு ஓர் அளவு, குழாயடிக்கு ஓர் அளவு, விளம்பரத்துக்கு ஓர் அளவு. அளவுகோல் மாறிக்கொண்டே இருக்க, மாறாத ஒரு பல்லைக் காட்டி ஒரு பெண்ணைத் தள்ளிவைப்பது நியாயமன்று. சங்கத்து அன்பர்கள் தம் வீட்டுச் சம்பந்தப் பேச்சில் இதை நினைவில் வைத்தால் போதும்.